சொல்யூஷன் காயும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

பஞ்சர் கடையில் நிற்கிறவர்களுக்குப் பொறுமை போகிற இடம் ஒன்று உண்டு. டியூபை உருவியாயிற்று. பேசின் தண்ணீரில் முக்கிக் குமிழி கிளம்பும் இடத்தைப் பார்த்தாயிற்று. துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனும் தடவியாயிற்று. அதற்கப்புறம் கடைக்காரர் அந்த டியூபைத் தொடுவதே இல்லை. அடுத்த வண்டிக்குக் காற்றடிக்கிறார், டீ குடிக்கிறார். நமக்கோ நேரமாகிறது. பசை ஈரமாக இருக்கும்போது ஒட்டினால்தானே பிடிக்கும்? காகிதத்தையும் மரத்தையும் அப்படித்தானே ஒட்டுகிறோம்? காயவிட்டு ஒட்டுவானேன்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், வழியில் பஞ்சரானால் கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். புதுச்சேரிக்காரர்களுக்கு இது நடைமுறைக் கேள்வி. ஊர் தட்டையானது, வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் தெருக்கள் நேராக ஓடுகின்றன, சைக்கிளுக்கென்றே அமைந்த ஊர். அரவிந்தர் ஆசிரமத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் வயதானவர்கள்கூட இன்றும் சைக்கிளில் போய்வருகிறார்கள். ஆரோவில்லில் சைக்கிள் இல்லாத நாளே கிடையாது. ஊருக்குள் டயர் இறங்கினால் கவலையில்லை, தள்ளிக்கொண்டு போகிற தூரத்தில் ஒரு கடை இருக்கும். ஊசுடு ஏரிக்கரையிலோ, பாகூர் வயல்களுக்கு நடுவிலோ, அரிக்கமேட்டுத் தோப்போரத்திலோ இறங்கினால் உங்கள் பையில் இருப்பதுதான் உங்களுக்குக் கடை.

ரப்பரிலிருந்து தொடங்குவோம். ரப்பர் மரத்தின் பாலை உறையவைத்தால் கிடைப்பது கச்சா ரப்பர். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் மிக நீண்ட சங்கிலி. ஐசோப்ரீன் என்ற ஒரே சிற்றலகு ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்பது. இப்படி ஆனவற்றைப் பலபடி என்று நம் பாடநூல்கள் சொல்கின்றன. கச்சா ரப்பரில் இந்தச் சங்கிலிகள் பின்னிக் கிடக்கின்றனவே தவிர, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

வைத்திக்குப்பம் பக்கம் கடற்கரையில் உட்கார்ந்து வலை சரிசெய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் முடிச்சுப் போடாத நூல் குவியலாகக் கிடக்கும். அந்தக் குவியலைப் பிடித்து இழுத்தால் இழை இழையாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். முடிச்சுப் போட்டு வலையாக்கிய பிறகு இழுத்துப் பாருங்கள், எல்லாம் சேர்ந்துதான் விரியும். விட்டால் பழைய இடத்துக்கு வரும். கச்சா ரப்பர் அந்த நூல் குவியல். வெயிலில் இளகிப் பிசுபிசுப்பது அதனால்தான். சைக்கிள் டியூபோ பின்னி முடித்த வலை.

முடிச்சுப் போடும் வித்தையை 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டபோது உருகி ஓடாமல் தோல் மாதிரி பதமானதைக் கவனித்தவர் அவர். லண்டனில் தாமஸ் ஹேன்காக் அதே செயல்முறைக்கு 1843இல் காப்புரிமை கேட்டு முந்திக்கொண்டார். குட்இயரின் அமெரிக்கக் காப்புரிமை 1844இல் வந்தது. சூட்டில் கந்தக அணுக்கள் ஒரு சங்கிலிக்கும் பக்கத்துச் சங்கிலிக்கும் இடையே பாலமாக அமர்கின்றன. இதற்குக் குறுக்குப் பிணைப்பு என்று பெயர். தெருமுனைக் கடைப் பலகைகளில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருப்பது இந்த வேலையைத்தான். இந்த முடிச்சு இல்லாமல் டயர் என்ற ஒன்றே வந்திருக்காது. உலகம் அத்தனைக்கும் டயர் ஓடத் தொடங்கிய காலத்தில், மலாயாத் தோட்டங்களில் விடிகாலையில் எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்களிலிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

உள்ளே முடிச்சு இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் எளிய சோதனை ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். கச்சா ரப்பர்த் துண்டைப் பெட்ரோலில் ஊறவைத்தால் மெல்ல மெல்லக் கரைந்து கூழாகிவிடும். பழைய டியூபின் துண்டை ஊறவைத்தால் அது கரைவதில்லை. பெட்ரோலைக் குடித்து உப்பிப் பெரிதாகும், அவ்வளவுதான். எடுத்து உலரவைத்தால் ஏறக்குறையப் பழைய அளவுக்குத் திரும்பும். தனித்தனிச் சங்கிலிகளாக இருந்தால் திரவம் அவற்றைப் பிரித்துக் கொண்டுபோய்விடும். ஒன்றோடொன்று பிணைந்திருந்தால் விலக்கத்தான் முடியும், பிரிக்க முடியாது. எவ்வளவு உப்புகிறது என்பதிலிருந்து எத்தனை பிணைப்புகள் இருக்கின்றன என்றே கணக்கிடலாம்: பிணைப்பு குறைந்தால் உப்பல் கூடும். பால் ஃப்ளோரியும் ஜான் ரேனரும் 1943இல் தந்த இந்தக் கணக்கைத்தான் ரப்பர் ஆய்வகங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. ஃப்ளோரி பின்னால் 1974இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

இனி பஞ்சர் ஒட்டும் வேலைக்கு வருவோம். டியூபும் பேட்சும் இரண்டு வலைகள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் இரண்டு வலையும் ஒரே வலையாகாது. தனி நூல் ஒன்று வேண்டும். அது இரண்டின் கண்களுக்குள்ளும் புகுந்து புறப்பட வேண்டும். பிறகு அங்கே முடிச்சு விழ வேண்டும். சொல்யூஷன் டியூபில் இருப்பது அந்த நூல். கச்சா ரப்பரை, பெட்ரோல் மாதிரிச் சட்டென்று ஆவியாகும் கரைப்பானில் கரைத்து அடைத்திருக்கிறார்கள். தடவியதும் கரைப்பான் டியூபின் மேல்தோலைச் சற்று உப்பவைக்கிறது. அப்படித் திறந்த இடைவெளிக்குள் ரப்பர்ச் சங்கிலிகளின் நுனிகள் நுழைகின்றன.

கரைப்பானின் வேலை அத்தோடு முடிந்தது, அது போய்விட வேண்டும். போகுமுன் மேலே பேட்சை வைத்து மூடினால் அது எங்கே போகும்? ரப்பருக்குள்ளேயே சிக்கிச் சங்கிலிகளை நெருங்கவிடாமல் தள்ளிவைக்கும். வெயிலில் டயர் சூடேறும்போது ஆவியாகிப் பேட்சுக்கு அடியில் கொப்புளம் எழுப்பும். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டிய ஒட்டு, மறுநாள் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்பதன் காரணம் இது. விரலின் பின்புறத்தால் லேசாகத் தொட்டால் ஒட்டிக்கொள்ளாத பதம் வரவேண்டும். பளபளப்பு மங்கியிருக்க வேண்டும். சாதாரணமாக ஐந்து நிமிடத்துக்குள் ஆகிவிடும்.

ஐப்பசி மழை நாட்களில் இன்னும் சற்று விட வேண்டும். கரைப்பான் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்கிறது. கடலோரக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் நேரத்தில் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பனி படரும். சீக்கிரம் காயட்டும் என்று வாயால் ஊதுகிறோமே, அது மூச்சிலுள்ள ஈரத்தையும் கொண்டுபோய் அங்கே சேர்க்கிறது. ஊதாதீர்கள், காற்றில் லேசாக ஆட்டினால் போதும்.

முடிச்சு எப்போது விழுகிறது? கடைகளில் வாங்கும் நல்ல பேட்சின் அடியில், தகடு உரித்ததும் தெரிகிற, பெரும்பாலும் ஆரஞ்சு நிறமான மெல்லிய அடுக்கைக் கவனித்திருப்பீர்கள். மேலே உள்ள கறுப்புப் பகுதி முழுக்கப் பதப்பட்டது. இந்த அடுக்கு முழுக்கப் பதப்படாமல் நிறுத்திவைத்தது. அதில் இருக்கும் வேதிப்பொருளும் சொல்யூஷனில் கலந்திருக்கும் வேதிப்பொருளும் சேர்ந்தவுடன் குறுக்குப் பிணைப்பு தொடங்குகிறது, அதுவும் அடுப்பே இல்லாமல். குட்இயர் காலத்தில் வெறும் கந்தகத்தைக் கொண்டு 140 டிகிரி வெப்பத்தில் மணிக்கணக்காக வேகவைக்க வேண்டியிருந்தது. 1906இல் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர் என்ற அமெரிக்க வேதியியலாளர், அனிலீன் சேர்த்தால் அந்த வேலை பலமடங்கு வேகமாக நடக்கிறது என்று கண்டார். இப்படி வேகப்படுத்தும் பொருள்களை முடுக்கிகள் என்கிறோம். அவருக்குப் பின் வந்த அதிவேக முடுக்கிகள் சாதாரண வெப்பத்திலேயே வேலை செய்கின்றன. ஒட்டிய உடனே இழுத்தால் பேட்ச் உரிந்து வரும். மறுநாள் இழுத்தால் பேட்சோ டியூபோ கிழியுமே தவிரப் பிரியாது. வழியில் ஒட்டிய ஒட்டு, வீடு வந்து சேர்ந்த பிறகும் இறுகிக்கொண்டேதான் இருக்கிறது.

பழைய டியூபை வட்டமாக வெட்டிப் பேட்சாக வைக்கும் வழக்கம் பல கடைகளில் உண்டு. வெட்டிய துண்டு இரண்டு பக்கமும் பதப்பட்டது. அங்கே பிடிப்பது நூல் இழைகளின் பின்னல் மட்டும். முடிச்சு மிகக் குறைவு. கைப்பக்குவம் உள்ளவர் ஒட்டினால் அதுவும் பல காலம் உழைக்கிறது. ஆனால் சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்திவைத்தால் முதலில் வழுக்கி நகர்வது அந்த ஒட்டுதான். சொல்யூஷனே இல்லாமல், ஸ்டிக்கர் மாதிரி உரித்து ஒட்டும் பேட்சும் இப்போது கிடைக்கிறது. வீடு வரை வந்து சேர அது உதவும். அதற்குமேல் அதை நம்ப மாட்டேன்.

உப்புத்தாளை ஒப்புக்குத் தேய்ப்பவர்கள் உண்டு. டியூபை அச்சிலிருந்து எடுக்க வசதியாகப் பூசிய பவுடரும் வழவழப்பும் அதன் தோலில் இருக்கும். மேல்தோல் காற்றுப்பட்டு முதிர்ந்தும் இருக்கும். அவை போக வேண்டும். அச்சின் தையல்கோடு ஓட்டை வழியாக ஓடினால் அதையும் தேய்த்துச் சமமாக்க வேண்டும், இல்லாவிட்டால் கோட்டின் இரண்டு ஓரத்திலும் காற்றுக்கு வழி கிடைத்துவிடும். இன்று பெரும்பாலான டியூப்கள் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரில் ஆனவை. காற்றைத் தக்கவைப்பதில் இயற்கை ரப்பரைவிடப் பலமடங்கு கெட்டி. ஆனால் பிணைப்புக்கு இடம்தரும் புள்ளிகள் அதன் சங்கிலியில் குறைவு. அதனால் பியூட்டைல் டியூபைப் பேட்சைவிடப் பெரிய வட்டமாக, கறுப்பு மங்கிச் சாம்பல் பூக்கும்வரை தேய்க்க வேண்டும்.

இன்னொரு தவறு பரவலாக நடக்கிறது. ஒட்டியதும் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, டயருக்கு வெளியே வைத்தே டியூபில் நிறையக் காற்றடிக்கிறோம். டயருக்குள் இருக்கும்போது டியூப் விரிய முடியாது. உள்ளே இருக்கும் காற்று டியூபையும் பேட்சையும் சேர்த்து டயரின் உள்சுவரில் அழுத்துகிறது. சாதாரண சைக்கிளில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 3 கிலோ எடை அளவுக்கு அழுத்தம். இரண்டரை சென்டிமீட்டர் அகலப் பேட்சின்மேல் அது 15 கிலோவுக்குச் சமம். ஆக, டயர்தான் பேட்சுக்கு இடுக்கி. வெளியே அந்த இடுக்கி இல்லை. டியூப் உப்பும், பேட்ச் அந்த அளவுக்கு நீளாது, இளம் பிணைப்பு ஓரத்திலிருந்து உரியும். நல்ல ஒட்டைச் சோதனையே கெடுத்துவிடுகிறது. ஒட்டி, நன்றாக அழுத்தித் தேய்த்து, டயருக்குள் போட்டு, பிறகு காற்றடிப்பதே சரி.

இவ்வளவும் சரியாகச் செய்து, டயரில் குத்திய முள்ளை மறந்துவிட்டால் பத்தாவது நிமிடத்தில் மறுபடி இறங்கி நிற்க வேண்டியதுதான். ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். டியூபின் வெளிப்புறத்தில் ஒற்றை ஓட்டை என்றால் முள், ஆணி, கண்ணாடி. ரிம் பக்கம் இருந்தால் கம்பி முனை நீட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ரிம்முக்குள் சுற்றிய நாடா விலகியிருக்கிறது. பக்கம் பக்கமாக இரண்டு கீறல் என்றால் முள்ளைத் தேடாதீர்கள். காற்று குறைவாக ஓட்டி, பள்ளத்தில் விழுந்தபோது டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்டிப் பயனில்லை.

தேடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. டியூபை உருவும்போது எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று நினைவில் வைத்துக்கொண்டு, வால்வை ரிம்மின் வால்வுத் துளைக்கு நேராகப் பிடித்து டியூபை டயர்மேல் பரப்புங்கள். டியூபின் ஓட்டைக்கு நேரே டயரில் குற்றவாளி இருக்கும். டயரை மாட்டும்போதே அதன் பெயரெழுத்து வால்வுக்கு நேராக வருமாறு மாட்டிவைப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். பேசின் இல்லாத இடத்தில் ஓட்டையைக் காண, டியூபில் சற்றுக் கூடுதலாகக் காற்றடித்து, ஈரமாக்கிய மேலுதட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஊசித்துளைக் காற்றும் ஈரத்தை ஆவியாக்கிச் சில்லென்று உணர்த்தும். விரலுக்குத் தெரியாதது உதட்டுக்குத் தெரியும்.

ஊருக்கு வெளியே செம்மண் தடங்களில் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் அதிகம். நெருஞ்சிக் காயைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். முற்றியதும் ஐந்து துண்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முட்கள் விரிகோணத்தில் நிற்கின்றன. எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி இருக்கும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வேறு கண்டத்திலிருந்து வந்து பரவிய இந்த நெருஞ்சிதான் சைக்கிள்காரர்களின் பெரும் தொல்லை. டயரில் குத்திய காயைப் பிடுங்கினால் முள்ளின் நுனி முறிந்து ரப்பருக்குள் தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உட்புறம் மயிரிழை அளவு நீட்டிக்கொண்டிருக்கும். விரலால் தடவினால் குத்தும். பழைய பனியன் துணியை டயரின் உள்ளே ஒரு சுற்று ஓட்டினால், முனை இருக்கும் இடத்தில் நூல் மாட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும்.

டயரைக் கழற்றுவதே இன்று நமக்கு ஒரு விஷயமில்லை. அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பது புதுச்சேரியோடு ஒரே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த ஊரில் நடந்த கதை. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888இல் காப்புரிமை பெற்ற காற்று டயர் ரிம்மோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. 1889இல் பிரான்சின் க்ளேர்மோன்-ஃபெரான் நகரில் மிஷ்லேன் சகோதரர்களின் ரப்பர்ப் பட்டறைக்கு ஒருவர் பஞ்சரான சைக்கிளோடு வந்தார். டயரைப் பிரித்து ஒட்டவே மூன்று மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. காய்வதற்கு ஒரு ராத்திரி முழுவதும் வைத்தார்கள். காலையில் எதுவார் மிஷ்லேன் அதை முற்றத்தில் ஓட்டிப் பார்த்தபோது சில நூறு மீட்டரிலேயே ஒட்டு விட்டுப்போனது. ஓட்டியவருக்குக் காற்று டயர் பிடித்துப்போயிற்று, அதை ரிம்மோடு ஒட்டியிருந்த முறைதான் பிடிக்கவில்லை. கழற்றி மாட்டக்கூடிய டயரை 1891இல் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் அந்த டயரைப் போட்டு ஓட்டிய சார்ல் தெரோன் 72 மணி நேரத்துக்குள் முதலாவதாக வந்தார். பஞ்சராகாததால் அவர் ஜெயிக்கவில்லை. பஞ்சரானபோது வழியிலேயே சரிசெய்துகொள்ள முடிந்ததால் ஜெயித்தார். மிஷ்லேன் டயர் ஆலை இன்று நம் பக்கத்திலேயே, திருவள்ளூர் மாவட்டத் தேர்வாய்க்கண்டிகையில் இருக்கிறது.

இன்றைய டயரின் இரண்டு விளிம்புக்குள்ளும் நீளாத எஃகுக் கம்பி வளையம் ஓடுகிறது. ரிம்மின் உதடு அந்த வளையத்தைவிடப் பெரியது. அதனால்தான் டயர் கழன்று விழுவதில்லை. அப்படியானால் எப்படிக் கழற்றுகிறோம்? ரிம்மின் நடுவில் ஓடும் பள்ளத்தைப் பாருங்கள், அங்கே சுற்றளவு குறைவு. விளிம்பை ஒரு பக்கம் முழுவதும் அந்தப் பள்ளத்துக்குள் தள்ளினால் எதிர்ப்பக்கம் தளர்வு கிடைக்கும். சில மில்லிமீட்டர்தான், அதுவே போதும். டயரை நெம்பும் லீவருக்குப் பலம் வேண்டியதில்லை. பலம் தேவைப்படுகிறது என்றால் விளிம்பு எங்கோ பள்ளத்தில் இறங்கவில்லை என்று பொருள். மாட்டும்போது வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். அங்கே டியூபின் தடித்த அடிப்பகுதி பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், அங்கே தொடங்கினால் கடைசியில் தளர்வு கிடைக்காது. லீவருக்குப் பதில் ஸ்குரூடிரைவரை விடுவது டியூபில் இரண்டாவது ஓட்டை போடுவதற்குச் சமம்.

புதுச்சேரியில் ஒரே தெருவில் மூன்று விதமான வால்வு ஓடுகிறது. பழைய உயரமான சைக்கிள்களில் இருப்பது 1890களிலிருந்து வருகிற டன்லப் வகை: துளையுள்ள குழாய்மேல் மெல்லிய வால்வ் டியூப் போர்த்தியிருக்கும். பம்பின் காற்று அதை நெட்டிக்கொண்டு உள்ளே போகும். உள்ளே உள்ள காற்று அதையே துளைமேல் அழுத்தி வழியை மூடிவிடும். டியூபில் ஓட்டையே இல்லாமல் காற்று இறங்கினால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். வால்வு வாயில் எச்சில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது நம் கடைக்காரர்கள் எல்லோரும் செய்யும் சரியான சோதனை. விரல் நீள வால்வ் டியூப் பையில் இருந்தால் இந்தக் கோளாறு ஒரு நிமிட வேலை. கியர் சைக்கிள்கள் பலவற்றில் மோட்டார் சைக்கிளில் இருக்கும் அதே ஷ்ரேடர் வால்வு. வெளிநாட்டு ரேஸ் சைக்கிள்களில் மெல்லிய பிரெஸ்டா வால்வு; தலையிலுள்ள குட்டித் திருகைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும்.

பிரெஸ்டா வால்வோடு வருகிறவர், மோட்டார் வண்டிகளுக்குக் கம்ப்ரெசரில் காற்றடிக்கும் கடையில் போய் நின்றால் குழாய் பொருந்தாது. பழைய சைக்கிள் கடையின் கால்பம்பு பெரும்பாலும் பொருந்திவிடும், ஏனென்றால் டன்லப் வால்வின் மூக்கும் பிரெஸ்டாவின் மூக்கும் ஏறக்குறைய ஒரே தடிமன். சுண்டுவிரல் நுனி அளவுப் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால் இந்த அலைச்சலும் இல்லை. என்னைக் கேட்டால் வெளிநாட்டு சைக்கிள் வைத்திருப்பவருக்கு அதைவிட முக்கியமான கருவி வேறு கிடையாது.

காற்றுக்குக் கணக்கு உண்டு. சாதாரண சைக்கிள் டியூபின் கொள்ளளவு சுமார் 2 லிட்டர். அதை ஓட்டும் அளவுக்கு நிரப்ப வெளிக்காற்று 6 லிட்டர் வேண்டும். சிறிய கைப்பம்பு ஒருமுறை தள்ளினால் 60, 70 கன சென்டிமீட்டர். ஆக நூறு தடவை அடிக்க வேண்டும். இந்தச் சிரமம் வேண்டாமென்று கார்பன் டை ஆக்சைடு அடைத்த சிறு உருளையைச் சிலர் வைத்திருக்கிறார்கள். 16 கிராம் வாயு ஒரு டயரை நிமிடத்துக்குள் நிமிர்த்திவிடும். ஆனால் அடுத்த நாள் காலை டயர் தொய்ந்திருக்கும். ஓட்டை காரணமில்லை. பிலடெல்பியாவின் ஜான் கியர்ஸ்லி மிட்செல் 1830களின் தொடக்கத்திலேயே, ரப்பர் பலூனிலிருந்து வாயுக்கள் வெளியேறுவதையும் வாயுவுக்கு வாயு வேகம் மாறுவதையும் கவனித்தார். 1866இல் தாமஸ் கிரகாம் அளந்து பார்த்து, கார்பன் டை ஆக்சைடு நைட்ரஜனைவிட ரப்பர் வழியாகச் சுமார் பதின்மூன்று மடங்கு வேகமாகக் கடக்கிறது என்றார். அது ரப்பரிலேயே கரைந்து, ஊடுருவி, மறுபக்கம் வெளிவருகிறது. உருளை வைத்திருப்பவர்களும் பம்பைத் தவிர்க்க முடியாது.

இனி பையைக் கட்டலாம். அவரவர் சைக்கிளைப் பொறுத்து அது மாறும். பின்சக்கரம் நட்டு போட்டு முடுக்கி, செயின் கவரும் கேரியரும் ஸ்டாண்டும் மாட்டிய சைக்கிளா? வழியில் சக்கரத்தைக் கழற்ற நினைக்காதீர்கள். நம் கடைக்காரர்கள் செய்வதுபோல டயரின் ஒரு பக்கத்தை மட்டும் விலக்கி, டியூபைத் தேவையான அளவு வெளியே இழுத்து, சக்கரம் இருந்த இடத்திலேயே ஒட்டுவதுதான் வழி. உபரி டியூப் இதற்குப் பயன்படாது. இரண்டு லீவர், உப்புத்தாள், நாலைந்து பேட்ச், சொல்யூஷன், வால்வ் டியூப், பம்பு, அந்தப் பனியன் துணி. ஒரு நெம்பில் கழலும் சக்கரமா? உபரி டியூபைப் பவுடர் தடவித் துணியில் சுற்றி வையுங்கள், லீவரோடு உரசியே ஓட்டையாகிவிடாமல் இருக்கும். வழியில் டியூபை மாற்றிவிட்டு, பழையதை வீட்டு நிழலில் நிதானமாக ஒட்டலாம். பேட்சும் சொல்யூஷனும் அப்போதும் பையில் இருக்கட்டும், இரண்டாவது முள் முதலாவதைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. டயரே கிழிந்திருந்தால் உள்ளே வைத்து அடைக்கப் பழைய டயரின் பக்கவாட்டில் வெட்டிய விரல் நீளத் துண்டு ஒன்று இரண்டு வகைக்கும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. திறந்த சொல்யூஷன் டியூபின் மூடியை எவ்வளவு இறுக்கினாலும் கரைப்பான் சில மாதங்களில் கசிந்து போய்விடும். மிச்சம் ரப்பர்க் கட்டிதான். பையில் வைப்பது முத்திரை உடைக்காததாக இருக்கட்டும். ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தால் இப்போதே எடுத்து விரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் இன்றைக்கே புதிதாக ஒன்று வாங்கி வையுங்கள்.